சாயங்கால மோட்டார் வேலை: உடம்பையும் கணக்கில் சேருங்கள்



நான் மருந்து வீட்டில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காலை நேரத்தில் வருகிற காயமெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். செம்பனை முள் குத்தியிருக்கும், அருவாள் பட்டிருக்கும், பால் வெட்டும் கத்தி விரலைக் கிழித்திருக்கும். இப்போது புதுவிதமான காயங்கள் வருகின்றன. கெண்டைக் காலில் புகைக்குழாய் சுட்ட வட்டத் தழும்பு, தார் ரோட்டில் தேய்ந்த முழங்கை, உள்ளங்கை மரத்துப் போச்சு என்ற புகார். கேட்டால், "சாயங்காலம் டெலிவரிக்குப் போறேன் ஐயா" என்கிறார்கள்.

பச்சைச் சட்டை, ரோஜாச் சட்டை போட்டுக்கொண்டு லயத்திலிருந்து பட்டணத்துக்குப் போகும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வேலையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று சட்டம் சொல்கிறது. நான்கு பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு அது எந்த மூலைக்கு? மழை நாளில் மரம் வெட்ட முடியாது. இந்த வேலையில் நமக்குப் பிடித்த நேரத்தில் போகலாம், வேண்டாம் என்றால் கைப்பேசியை மூடிவிடலாம், மண்டோர் விரட்ட மாட்டார். உழைக்க நினைப்பவரை யாரும் தடுக்கக் கூடாது. ஆனால் உடம்பைக் கணக்கில் சேர்க்காமல் உழைத்தால் என்ன ஆகும் என்று சொல்வது என் கடமை.

சில மாதங்களுக்கு முன் ஒரு ராத்திரி, மணி 11 இருக்கும், என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பால் வெட்டும் தம்பி ஒருவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நின்றார்கள். தோட்டத்து நேர் ரோட்டில் விழுந்திருக்கிறார். அன்று மழையும் இல்லை, எதிரே வண்டியும் இல்லை. "நான் தூங்கவே இல்லை ஐயா. கண்ணை மூடித் தெறந்தேன், கானுக்குள்ள கெடந்தேன்" என்றார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. கட்டையை வைத்துக் கட்டி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவரை நினைத்துக்கொண்டுதான் இந்த மாதப் பாடத்தை எழுதுகிறேன்.

1. கையில் நிற்பது எவ்வளவு?

முதலில் பணக் கணக்கு. ஒரு சாயங்காலத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்ணை நீங்களே போட்டுப் பாருங்கள்.

தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு 14 கிலோமீட்டர். போக வர 28. பத்து ஆர்டர் கிடைக்கிறது, ஒவ்வொன்றுக்கும் கடைக்கும் வீட்டுக்குமாக 6 கிலோமீட்டர் என்றால் 60. மொத்தம் 88 கிலோமீட்டர். ஆர்டருக்கு 6 வெள்ளி வீதம் வரவு 60 வெள்ளி.

செலவு: பெட்ரோல் 5 வெள்ளி. டயர், செயின், பிரேக், எண்ணெய் மாற்ற கிலோமீட்டருக்கு 7 காசு வைத்தால் ஏறக்குறைய 6 வெள்ளி. கைப்பேசி இண்டர்நெட் 1 வெள்ளி. வெளிச் சாப்பாடு, தண்ணீர் 8 வெள்ளி. ஆக 20 வெள்ளி போய்விட்டது, மிச்சம் 40. நாலரைக்குப் புறப்பட்டு பத்தரைக்கு வீடு வந்தால் 6 மணி நேரம். மணிக்கு 6 வெள்ளி 70 காசுகூட நிற்கவில்லை.

தோட்டத்திலிருந்து பட்டணம் போகிற தூரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, பாருங்கள். மாதத்தில் 22 சாயங்காலம் ஓடினால் 1,900 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. அதனால் மாதம் ஒரு தடவை எஞ்சின் எண்ணெயும் மாற்றவேண்டி வரும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி இந்தக் கணக்கை தினமும் எழுதுங்கள். எந்த நாள், எந்த நேரம் ஓடினால் லாபம் என்று அதிலேயே தெரியும். லாபமில்லாத இரண்டு ராத்திரியை விட்டுவிட்டால் அந்த நேரத்தில் தூங்கலாம்.

2. தூக்கம் என்ற கடன்

பிரட்டுக்குப் போக நீங்கள் எழுந்திருப்பது காலை நாலரை மணி. அங்கிருந்து எண்ணுங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு 17 மணி நேரம் ஆகிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரைப் போல மந்தமாகிவிடுகின்றன என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். 2020இல் நம் நாட்டுச் சாலைச் சட்டம் திருத்தப்பட்டபோது வண்டி ஓட்டுபவருக்கு வைத்த எல்லையும் அதே 50தான். ஒரு சொட்டுக் குடிக்காத மனிதர், குடித்தவர் நிலையில் வீடு திரும்புகிறார்!

களைத்த மூளை நம்மைக் கேட்காமலே இரண்டு மூன்று விநாடி தூங்கிவிடும். கண் திறந்திருந்தாலும் அது நடக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி என்றால் 50 மீட்டர். ஐந்தாறு செம்பனை மரத்தின் தூரம் வண்டி ஆளில்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம்.

பத்தரைக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு, பதினொன்றரைக்குப் படுத்து, நாலரைக்கு எழுந்தால் தூக்கம் 5 மணி நேரம். உடம்பு கேட்பது 7 மணி. ஆறு ராத்திரியில் 12 மணி நேரம் கடன் ஏறிவிடுகிறது. இந்தக் கடனுக்கு காப்பி வட்டி கட்டுமே தவிர முதலைக் கட்டாது.

செய்ய வேண்டியவை:

• மத்தியானம் வேலை முடிந்து சாப்பிட்டதும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கண்டிப்பாகப் படுங்கள். வீட்டார் அந்த நேரத்தில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறையுங்கள்.
• பிரட்டு உள்ள நாளுக்கு முந்தின ராத்திரி கடைசி ஆர்டர் எட்டரை மணிக்குள் இருக்கட்டும். ஓய்வு நாளுக்கு முந்தின ராத்திரி கொஞ்சம் நேரம் எடுக்கலாம்.
• அடுத்தடுத்துக் கொட்டாவி வருகிறதா? வந்த வழி ஞாபகம் இல்லையா? முனைச் சந்தைத் தாண்டிப் போய்விட்டீர்களா? அது எச்சரிக்கை. வெளிச்சமான கடையோரம் நிறுத்தி 20 நிமிடம் தலையைச் சாயுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திப் படுக்காதீர்கள்.
• சளிக்குக் கொடுக்கும் சின்ன மஞ்சள் மாத்திரை தூக்கம் வரவைக்கும். அதைப் போட்ட அன்று ஓடாதீர்கள். மருந்து வாங்கும்போது "நான் மோட்டார் ஓட்டுறேன்" என்று சொல்லுங்கள்.

3. தண்ணீர், சாப்பாடு, சிறுநீர்

"தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போகணும், ஆர்டர் போயிடும்" என்று பல பேர் தண்ணீரே குடிப்பதில்லை. நம் வெயிலில் ஜாக்கெட்டும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு ஓடினால் உடம்பு நீர் வற்றும். அதோடு சிறுநீரை அடக்கினால் எரிச்சல், கிருமித் தொற்று, நாளாவட்டத்தில் கல். சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுத்திருந்தால் தண்ணீர் போதவில்லை. வீட்டிலிருந்தே ஒரு பெரிய போத்தலில் தண்ணீர் கொண்டுபோய் இரண்டு ஆர்டருக்கு ஒருமுறை கொஞ்சம் குடியுங்கள். பெட்ரோல் நிலையத்தில் கழிவறை இருக்கிறது, ஐந்து நிமிடம் செலவழிப்பதில் தப்பில்லை.

சோர்வுக்கு வாங்கும் சக்தி பானம் ஒரு டின்னில் ஐந்தாறு தேக்கரண்டி சீனி இருக்கிறது. அதோடு ஒரு தேத்தாரேக், ஒரு ஐஸ் மைலோ என்றால் சொல்லவே வேண்டாம். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் ஆறு பேருக்கு ஒருவருக்கு இனிப்பு நீர் உண்டு. நம் இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம்.

ஏற்கெனவே இனிப்பு நீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மிகக் கவனம். மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஓடினால் சீனி திடீரென்று இறங்கும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கண் மங்கல் வந்தால் உடனே வண்டியை ஓரங்கட்டுங்கள். மிட்டாயோ சீனித் தண்ணீரோ சாப்பிட்டு, பிறகு ரொட்டியோ சோறோ சாப்பிடுங்கள். சட்டைப் பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

4. முதுகும் கையும்

பகலில் வாளி சுமந்த முதுகு, சாயங்காலம் சாப்பாட்டுப் பையையும் சுமக்க வேண்டாம். பையை முதுகில் மாட்டாமல், பின்னால் பெட்டி வைத்துக் கட்டுங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். ராத்திரி கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டு நரம்பு நசுங்குகிறது. அதைத் தள்ளிப் போடாமல் வந்து காட்டுங்கள். பால் வெட்டுகிறவருக்குக் கைதான் சோறு.

5. ரோடும் மழையும்

நம் நாட்டில் சாலையில் உயிர் விடுகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். தலைக்கவசம் 1973இலேயே சட்டமாகிவிட்டது. ஆனால் தாடைப் பட்டியைப் போடாமல் சும்மா கவிழ்த்து வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விழும்போது தலைக்கு முன் தொப்பிதான் பறக்கும். சிரிம் முத்திரை உள்ளதாக வாங்குங்கள். ஒரு தடவை பலமாக அடிபட்ட தொப்பியை மறுபடி போடாதீர்கள்.

மழை தொடங்கும் முதல் சில நிமிடம்தான் ரோடு ஆக வழுக்கல், தூசியும் எண்ணெயும் மிதந்து வரும். தோட்டத்து ரோட்டில் லாரியிலிருந்து விழுந்த செம்பனைக் காய், செம்மண் சேறு, குறுக்கே வரும் மாடு எல்லாம் சேரும். மழைக்கு ஒதுங்க நெடுஞ்சாலைப் பாலத்தடி ஓரத்தில் கும்பலாக நிற்காதீர்கள், பின்னால் வருகிற லாரிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். கைப்பேசியை நின்ற பிறகு பாருங்கள். தாமதமானால் வாடிக்கையாளர் கோபிப்பார், அவ்வளவுதான்.

6. விழுந்துவிட்டால்

• முதலில் பின்னால் வரும் வண்டிகளுக்குச் சைகை காட்டுங்கள். 999க்கு அடியுங்கள்.
• மூச்சு நன்றாக வந்தால் தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள், கழுத்தைத் திருப்பாதீர்கள், உட்கார வைக்காதீர்கள்.
• இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.
• சிராய்ப்பை ஓடும் நீரில் மண் போகக் கழுவுங்கள். காப்பித் தூள் வேண்டாம். வந்து டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள்.
• புகைக்குழாய் சுட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப் தடவாதீர்கள்.
• தலையில் அடிபட்டவர் "ஒண்ணுமில்லை" என்று வீட்டுக்கு வந்தாலும் இரண்டு நாள் கவனியுங்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத மயக்கம், பேச்சுக் குழறல், காதிலோ மூக்கிலோ நீர் வடிதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

7. சொக்சோ

தோட்ட வேலைக்குச் சம்பளத்தில் பிடிக்கும் சொக்சோவே டெலிவரி விபத்துக்கும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கென்று 2017இல் தனிச் சட்டம் வந்தது. அதில் வகுத்த நான்கு படிகளில் ஆகக் குறைந்த சந்தா மாதம் 13 வெள்ளி 10 காசு. வேலையில் விபத்து நேர்ந்தால் மருத்துவம், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு உதவித் தொகை, நிரந்தர ஊனமானால் உதவி, உயிர் போனால் குடும்பத்துக்கு உதவி என்று இருக்கிறது. 2025இல் கிக் தொழிலாளர் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. உங்கள் பெயரில் சந்தா பிடிக்கப்படுகிறதா என்று வருமானச் சீட்டைத் திறந்து பாருங்கள், தெரியாவிட்டால் சொக்சோ அலுவலகத்தில் அடையாளக் கார்டைக் காட்டிக் கேளுங்கள். மோட்டார் காப்புறுதி டெலிவரி ஓட்டத்துக்கும் செல்லுமா என்று காப்புறுதிக் கம்பெனியிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு, 5 வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கே வருடம் 22 நாள்தான். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். கால் எலும்பு கூட மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதற்கிடையில் இரண்டு வருமானமும் நின்றுபோகும்.

அந்தத் தம்பிக்கு இப்போது நான்காவது மாதம். கைத்தடியோடு கட்டுப் பார்க்க வருகிறார். அவருடைய நிரையை வேறொருவர் வெட்டுகிறார். அவர் சொக்சோவில் பதியவில்லை. "மாசம் பதிமூணு வெள்ளியை மிச்சம் பிடிச்சேன் ஐயா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: அவர் ரோட்டில் இருக்கும்போது "எங்க இருக்கீங்க?" என்று திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். புறப்படும் முன் தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுங்கள். கண் சிவந்திருந்தால், "இன்னிக்கு வேணாம், படுங்க" என்று நீங்கள் சொல்லுங்கள். டிரசர் சொல்வதைவிட உங்கள் சொல் எடுபடும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். நாளைக் காலை பிரட்டில் உங்கள் பெயரைக் கூப்பிடும்போது நீங்கள் இரண்டு காலில் நின்று "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அதற்குத் தகுந்த மாதிரி ஓடுங்கள்.