ஸ்பீக்கரைச் சோதிக்கும் முன் கடையைச் சோதியுங்கள்!

நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி, அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயர், கூடவே ஒரு ஸ்ட்ரீமரோ ரெக்கார்டு பிளேயரோ என்று பட்டியல் போட்டாலே லட்ச ரூபாய் சுலபமாகத் தாண்டிவிடும். பலருக்கு இது ஓய்வுபெற்ற பணத்திலோ, சீட்டு எடுத்த பணத்திலோ நிறைவேறும் நெடுநாள் ஆசை. அப்படி வருகிறவரை ஏற இறங்கப் பார்ப்பதும், கேள்வி கேட்டால் முகம் சுளிப்பதும், விற்று முடித்ததும் போனை எடுக்காமல் இருப்பதும் இந்த வியாபாரத்தில் சகஜமாகிவிட்டது. பார்க்கவே வேதனையாக இருக்கிறது. கௌரவத்தோடு போய், சரியான பொருளை வாங்கிவர உதவும் சில குறிப்புகள் இதோ:

1. போன் செய்து நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். சனி, ஞாயிறு மாலைகளில் ஆற அமரக் கேட்க முடியாது. வார நாளில், கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போவது நல்லது. எந்த மாடலைக் கேட்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லி, இணைத்து வைக்கச் சொல்லுங்கள். ‘அது இப்ப கனெக்‌ஷன்ல இல்ல சார்’ என்ற பதிலுக்கு இடமிருக்காது.

2. ‘பட்ஜெட் எவ்வளவு?’ என்று கேட்டால் உடனே தொகையைச் சொல்லிவிடாதீர்கள். அறையின் நீள அகலம், கேட்கும் இசை, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஆம்ப்ளிஃபயர், இவற்றை முதலில் சொல்லுங்கள். தொழில் தெரிந்த விற்பனையாளர் இவற்றைத் தானாகவே கேட்பார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குப் பெரிய டவர் ஸ்பீக்கரைத் தள்ளிவிடப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். சின்ன அறையில் பேஸ் குமுறிக்கொண்டு, பாட்டு தெளிவில்லாமல் போகும் வாய்ப்பு அதிகம்.

3. உங்களை மதிக்காத இடத்தில் பணத்தை வைக்காதீர்கள். சென்னையில் ஒரு கடையில் நான் பார்த்தது இது. பருத்திப் புடவையும் துணிப்பையுமாக வந்த ஓர் அம்மா, ஒரு ஜோடி ஸ்பீக்கரைக் காட்டிப் போட்டுக்காட்டச் சொன்னார். ‘அது காஸ்ட்லிம்மா, சும்மா கேக்குறதுக்கெல்லாம் போட முடியாது’ என்ற ஊழியர், புளூடூத் ஸ்பீக்கர் இருந்த அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார். அந்த அம்மா நிதானமாக, ‘இதோட சென்சிடிவிட்டி எவ்வளவு? எங்கிட்ட சின்ன வால்வு ஆம்ப் இருக்கு, அது தாங்குமா?’ என்றார். ஊழியர் செல்போனில் தேட ஆரம்பித்தார். மிகச் சரியான கேள்வி அது. ஒரே அளவு சத்தம் வர, சென்சிடிவிட்டி 90 டெசிபல் உள்ள ஸ்பீக்கருக்கு வேண்டியதைப்போல நான்கு மடங்கு சக்தி 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு வேண்டும். அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போனார். அதுதான் சரி. பெண்கள் கேள்வி கேட்டால் கூட வந்த ஆண்களைப் பார்த்துப் பதில் சொல்லும் கடைகளுக்கும் இதுவே நடக்க வேண்டும்.

4. உங்கள் பாட்டைக் கொண்டுபோங்கள். கடையில் போடும் பாட்டுகள் எந்த ஸ்பீக்கரிலும் அசத்துபவையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. நீங்கள் வருஷக்கணக்காகக் கேட்டு, ஒவ்வொரு இடமும் மனப்பாடமான மூன்று பாட்டுகள் போதும். ஒன்று, தனிக்குரல், குரலில் பிசிறு இருந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். இன்னொன்று, மிருதங்கம், தொப்பியின் கும்கியும் வலந்தலையின் நாதமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மூன்றாவது, பல வாத்தியங்கள் சேர்ந்து வருவது. 1986-ல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பம் இதற்கு அருமையாகப் பொருந்தும். வயலின் கூட்டம் ஒரே இரைச்சலாகக் குழம்பினால் அந்த ஸ்பீக்கர் வேண்டாம். பாட்டுகளை பென் டிரைவில் கொண்டுபோங்கள். புளூடூத்தில் போட்டுக்காட்டினால், ஒயரில் இணைக்கச் சொல்லுங்கள். கேட்கும்போது ஊழியர் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தால், ‘பத்து நிமிஷம் தனியா விடுங்க’ என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

5. சத்தத்தைச் சமமாக்கிக் கேளுங்கள். ஒரே பாட்டை இரண்டு ஸ்பீக்கரில் போட்டால், கொஞ்சம் கூடுதல் சத்தமாக ஒலிப்பதுதான் நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். விற்க நினைக்கும் ஜோடிக்கு மட்டும் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றிவிடுவது பழைய தந்திரம். செல்போனில் ஒலி அளக்கும் செயலியை இறக்கிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டையும் அளந்து பாருங்கள்.

6. பெட்டியின் லேபிளைப் படியுங்கள். இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, எல்லா வரியும் சேர்ந்த எம்.ஆர்.பி., புகாருக்கான தொடர்பு விவரம் இருக்க வேண்டும் என்பது சட்டம். இவை இல்லாமல் ‘விலை கம்மியா முடிச்சுத் தரேன்’ என்றால், அது முறையான வழியில் வந்த சரக்காக இல்லாமல் இருக்கலாம். இங்கே வாரன்ட்டி கிடைப்பதும் சந்தேகம். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் வோல்டேஜையும் பாருங்கள். நமக்கு 230 வோல்ட், அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. அங்கே விற்பதற்காகச் செய்ததை நம் பிளக்கில் நேராகச் செருகினால் புகைதான் வரும்.

7. வாரன்ட்டி எத்தனை வருஷம் என்பதோடு நிறுத்தாதீர்கள். என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் முக்கியமான குறிப்பு இதுதான். ரிப்பேர் யார் பார்ப்பார்கள்? உள்ளூரிலேயே சர்வீஸ் உண்டா, மும்பைக்கோ டெல்லிக்கோ அனுப்ப வேண்டுமா? அனுப்பினால் லாரிச் செலவு யாருடையது? பல டவர் ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்கு மேலே இருக்கும். போகவர ஆகும் செலவைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். உதிரிபாகம் வர எவ்வளவு நாளாகும், அதுவரை மாற்று ஆம்ப்ளிஃபயர் தருவார்களா, ரெக்கார்டு பிளேயரின் ஊசிக்கும் வாரன்ட்டி உண்டா என்றும் கேளுங்கள். வாயால் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். ‘நீங்க சொன்னதையெல்லாம் வாட்ஸ்அப்ல ஒரு வரி போட்டுடுங்க’ என்றால் போதும். அதற்குத் தயங்கும் கடை, பழுது வரும்போதும் தயங்கும்.

8. கேபிளில் ஏமாறாதீர்கள். பேரம் முடிந்த களைப்பில் இருக்கும்போதுதான் பல ஆயிரம் ரூபாய் கேபிளை எடுத்து நீட்டுவார்கள். மூன்று நான்கு மீட்டர் தூரத்துக்கு, 8 ஓம் ஸ்பீக்கருக்கு, 14 அல்லது 16 கேஜ் செம்புக் கம்பி தாராளம்.

9. அட்வான்ஸ் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். மாடல், நிறம், மொத்த விலை, டெலிவரி தேதி, தேதி தவறினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லி, பெட்டியில் உள்ள நம்பரோடு ஒத்துப் பாருங்கள். ஷோரூமில் ஓடிய பீஸை வாங்கினால் தப்பில்லை. ஆனால் அதற்குரிய தள்ளுபடியும், ‘டெமோ பீஸ்’ என்ற குறிப்பும் பில்லில் வர வேண்டும். பில் தர மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

10. வீட்டுக்கு வந்ததும், டெலிவரி ஆள் இருக்கும்போதே வீடியோ எடுத்தபடி பெட்டியைப் பிரியுங்கள். அட்டைப்பெட்டி, தெர்மோகோல், ஸ்பாஞ்ச் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சர்வீஸுக்கு அனுப்ப அதே பெட்டி வேண்டியிருக்கும். பரணில் இடம் ஒதுக்குங்கள்.

11. குறை இருந்தால் போனில் கத்திப் பயனில்லை, எழுதுங்கள். முதலில் கடைக்கு ஒரு மின்னஞ்சல். தேதி, பில் நம்பர், என்ன கோளாறு, என்ன வேண்டும் என்று நான்கே வரி போதும். அதன் நகலை இறக்குமதியாளருக்கும் அனுப்புங்கள். கடைக்காரர் அலட்சியம் செய்வதை நிறுவனம் கவனிப்பதுண்டு. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பதும் சட்டப்படி தவறு.

12. அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகாரைப் பதிவு செய்துவிட வேண்டும். ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று கடைக்காரர் சொல்லும் ஒவ்வொரு வாரமும் இந்தக் கணக்கில்தான் கழிகிறது, தள்ளிப்போடாதீர்கள்.