மத்திய சட்டத்தின் முன் ஊர்த் தீர்மானம் நிற்குமா?

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் நான்கு ஒரே பிரச்சினையைத் தொடுகின்றன. டெல்லியில் எழுதப்பட்ட சட்டம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்போது ஊராட்சியும் நகராட்சியும் குடிமக்களுக்கு என்ன செய்ய முடியும்?

கேள்வி: ஐந்து ரதத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. தாத்தா காலத்தில் கட்டியது. இப்போது மழைக்கு ஒழுகுகிறது. கை வைத்தால் தொல்லியல் துறை நோட்டீஸ் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். நகராட்சி நினைத்தால் எங்களைக் காப்பாற்ற முடியாதா?
— வாசகர், மாமல்லபுரம்

பதில்: முடியும். ஆனால் பலரும் நினைக்கிற வழியில் அல்ல.

மாமல்லபுரச் சின்னங்கள் 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதங்கள், குன்றுச் சரிவில் குடைந்த மண்டபங்கள் என்று அவை ஊருக்குள்ளேயே விரவிக் கிடக்கின்றன. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்கள் அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் வருபவை. ஆகவே அவற்றைச் சுற்றி என்ன கட்டலாம் என்பதை நகராட்சியோ சட்டமன்றமோ முடிவு செய்வதில்லை. 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டமும், 1992 ஜூன் 16-ஆம் தேதி அறிவிக்கையும், அந்த அறிவிக்கையைச் சட்டத்துக்குள்ளேயே ஏற்றிய 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும்தான் முடிவு செய்கின்றன. 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இதில் பலருக்குத் தெரியாத மூன்று விஷயங்கள் உண்டு. முதலாவது, 100 மீட்டரை அளப்பது சிற்பத்திலிருந்தோ கோபுரத்திலிருந்தோ அல்ல, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து. கண்ணுக்குத் தூரமாகத் தெரியும் வீடு தடைக்குள் விழுவது இதனால்தான். சில சமயம் தடைக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் வீடு அளந்து பார்த்தால் வெளியே இருக்கலாம். அளவை எழுத்தில் கேட்பது குடிமகனின் உரிமை.

இரண்டாவது, தடை செய்யப்பட்ட பகுதியிலும் பழுது பார்க்க வழி இருக்கிறது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடத்தின் உரிமையாளர், பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் தகுதியுள்ள அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம் என்கிறது சட்டத்தின் 20சி பிரிவு. விண்ணப்பத்தை அந்த அதிகாரி 15 நாளில் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்தில் பரிந்துரை சொல்ல வேண்டும். அது கிடைத்த ஒரு மாதத்தில் அதிகாரி பதில் தர வேண்டும். நோட்டீஸுக்குப் பயந்து இரவோடு இரவாகச் சிமென்ட் பூசுவதைவிட இந்த வழி மெதுவானது. ஆனால் வீட்டைச் சட்டத்தின் பக்கம் நிறுத்துவது இதுதான்.

மூன்றாவது, குடிநீர்க் குழாய், கழிவுநீர் வாய்க்கால், பொதுக் கழிப்பறை, மின்சார வசதி ஆகிய பொதுப் பணிகளை ‘கட்டுமானம்’ என்ற வரையறையிலிருந்தே சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. தொல்லியல் துறையைக் காட்டி ஒரு தெருவுக்கு வாய்க்கால் மறுக்கப்பட்டால், அந்த வரையறையை எடுத்துக் காட்டி வாதிட வேண்டியது உள்ளாட்சியின் வேலை.

நகராட்சியின் உண்மையான பலம் இரண்டாவது விஷயத்தில்தான் இருக்கிறது. வீடு 1992-க்கு முன்பே இருந்தது என்பதை யார் நிரூபிப்பது? மீனவர் குப்பத்திலும் சிற்பிகள் தெருக்களிலும் கட்டட அனுமதிக் காகிதத்தை அந்தக் காலத்திலிருந்து பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் குறைவு. ஆனால் மாமல்லபுரம் பேரூராட்சியாக இருந்த காலத்து வீட்டு வரிப் பதிவேடு உள்ளாட்சி அலுவலகத்துக்கு உரியது. அதைத் தேடி எடுத்து, வார்டு வாரியாகப் பழைய வீடுகளின் பட்டியலைச் சான்றளித்து வெளியிட்டால் நூற்றுக்கணக்கான தனித்தனி அலைச்சல்கள் குறையும். தங்கள் ஊர்ச் சின்னங்களைச் சுற்றி என்ன கட்டலாம் என்று வகுக்கும் பாரம்பரியத் துணை விதிகளின் நிலை என்ன என்று ஆணையத்திடம் கேட்பதும் நகராட்சி மன்றத்தால் ஆகக்கூடியதே. அப்படி ஒரு வரைவு வரும்போது பொதுமக்களோடு சேர்ந்து மன்றமும் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

கோபம் நியாயமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018 ஜனவரியில் மக்களவை ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. தடை செய்யப்பட்ட பகுதிக்குள் மத்திய அரசின் பொதுப்பணிகளுக்கு விலக்கு தரும் மசோதா அது. மாநிலங்களவை அதைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பியது. ஒழுகும் கூரைக்கு ஆணையத்தின் பரிந்துரை வேண்டும், அரசின் சாலைக்கும் பாலத்துக்கும் விலக்கு வேண்டும் என்ற எண்ணத்தை எந்தக் குடிமகனும் ஏற்க வேண்டியதில்லை. பெரிய சின்னம், சிறிய சின்னம் என்ற வேறுபாடே இல்லாமல் நாடு முழுவதும் ஒரே 100, 200 மீட்டர் கணக்கு வைத்திருப்பதை நாடாளுமன்ற நிலைக்குழுவே 2023-ல் கேள்வி கேட்டது. அரசியல் சட்டத்தின் 300ஏ பிரிவு சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. சட்டம் இருக்கும் இடத்தில், அது நியாயமாக நடக்கிறதா என்று கேட்கும் உரிமை குடிமகனுக்கு அப்படியே இருக்கிறது.

கேள்வி: கிராம சபையில் தீர்மானம் போட்டால் மத்திய அரசின் திட்டம் நின்றுவிடுமா? அரிட்டாபட்டியில் நின்றதே?
— வாசகி, திருக்கழுக்குன்றம் ஒன்றியம்

பதில்: அரிட்டாபட்டியில் நின்றது. எப்படி நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2023-ல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, டங்ஸ்டன் உள்ளிட்ட முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசின் கைக்குப் போனது. 2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தின் நாயக்கர்பட்டித் தொகுதி இந்துஸ்தான் சிங்க் நிறுவனத்துக்கு என்று அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகுதிக்குள் வந்த அரிட்டாபட்டி, 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். பாண்டியர் காலக் குடைவரையும் தமிழிக் கல்வெட்டும் கொண்ட மலை அங்கே இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களின் கிராம சபைகள் அதே மாதம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரைக்குப் பேரணியாக நடந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது. ஆக, கிராம சபைத் தீர்மானம் தொடக்கம். அதன் பின்னால் சட்டமன்றமும் சாலையில் இறங்கிய மக்களும் இருந்தார்கள்.

தீர்மானத்துக்குச் சட்ட பலமே கிடைத்த வழக்கு ஒடிசாவின் நியம்கிரி. 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம், பாக்சைட் சுரங்கம் பற்றி மலைவாழ் மக்களின் கிராம சபைகளே பேசட்டும் என்று தீர்ப்பளித்தது. 12 கிராம சபைகள் கூடின; பன்னிரண்டும் மறுத்தன. 2014 தொடக்கத்தில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை மறுத்தது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அந்த மக்களின் கையில் இருந்ததால்தான் இது நடந்தது. செங்கல்பட்டுக் கடலோரத்தின் பெரும்பாலான ஊர்களுக்கு அப்படிப்பட்ட சட்டக் கவசம் இல்லை.

எதிர் உதாரணம் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராகக் காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரம் கிராம சபை பத்து தடவைக்கு மேல் தீர்மானம் நிறைவேற்றியும் திட்டம் நிற்கவில்லை. அங்கே நிலம் எடுப்பது மாநில அரசு. அரிட்டாபட்டியின் கிராம சபைக் குரலைப் போற்றிய அதே சென்னை, ஏகனாபுரத்தின் குரலையும் அதே மரியாதையோடு கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்பது வருத்தமான உண்மை. ஊரின் உரிமை மீது கை வைப்பது டெல்லியா, சென்னையா என்பதைப் பொறுத்து அந்த உரிமையின் மதிப்பு மாறக் கூடாது.

தீர்மானம் எப்படி எழுதப்படுகிறது என்பதும் முக்கியம். ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த வழக்கறிஞரும் வாதாட முடியாது. எந்த அறிவிக்கை, எந்தத் தேதி, எந்தச் சர்வே எண்கள், எத்தனை குடும்பங்கள், எந்தக் குளம், எந்தச் சுடுகாடு என்று எழுத வேண்டும். கூட்டத்துக்கு வர வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையும் (கோரம்) முக்கியம். 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர், 10,000 வரை 200 பேர் என்று விதி சொல்கிறது. 500 பேருக்கு உட்பட்ட ஊரில் 50 பேர் போதும். தீர்மானப் புத்தகத்தின் நகலை அன்றைக்கே கேட்டு வாங்கிவிட வேண்டும். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம்.

இன்னொன்று. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். செங்கல்பட்டில் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். தலைவர் நாற்காலியில் யார் இருந்தாலும், யாருமே இல்லாவிட்டாலும், கிராம சபை இருந்துகொண்டேதான் இருக்கும். அரசியல் சட்டத்தின் 243-ஆவது பிரிவின் விளக்கப்படி அது ஊராட்சி எல்லைக்குள் வாக்காளர் பட்டியலில் இருக்கும் எல்லோரும் சேர்ந்த அமைப்பு. அதைக் கலைக்க யாராலும் ஆகாது.

கேள்வி: அமெரிக்காவில் நகர மன்றங்கள் மத்திய அரசோடு ஒத்துழைக்க மாட்டோம் என்று சொல்கின்றனவாமே? நம் ஊரில் அப்படிச் சொல்ல முடியாதா?
— கல்லூரி மாணவர், செங்கல்பட்டு

பதில்: அங்கே அப்படி நடந்தது உண்மை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வந்த ‘பேட்ரியாட்’ சட்டம் நூலகத்தில் யார் என்ன புத்தகம் எடுத்தார்கள் என்பது வரை கண்காணிக்க வழி செய்தது. 2002 ஜனவரியில் மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகர மன்றம் அதற்கு எதிராகத் தீர்மானம் போட்டது. பிறகு 400-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் பின்தொடர்ந்தன. கலிபோர்னியாவின் ஆர்க்கேட்டா நகரம் 2003-ல் ஒரு படி மேலே போய், அச்சட்டத்தின் கீழ் அரசியல் சட்டத்துக்குப் புறம்பாகத் தானாக முன்வந்து ஒத்துழைக்கும் நகர உயர் அதிகாரிக்கு 57 டாலர் அபராதம் என்று உள்ளூர்ச் சட்டமே இயற்றியது. உள்ளூர் அதிகாரிகளை மத்திய அரசு தன் வேலைக்குக் கட்டாயப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1997-லேயே சொல்லியிருந்தது அவர்களுக்குத் துணை நின்றது.

நம் அரசியல் சட்டம் வேறு. மாநிலத்தின் நிர்வாக அதிகாரம் நாடாளுமன்றச் சட்டங்களுக்கு இணங்கவே நடக்க வேண்டும் என்கிறது 256-ஆவது பிரிவு. உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் இருப்பதால் அந்தக் கட்டு ஊராட்சிக்கும் வருகிறது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமே தீர்மானம் போட்டது. சட்டம் சட்டமாகத்தான் இருக்கிறது. ஒத்துழைக்க மறுப்பது இங்கே கடினம். ஆனால் சட்டம் கேட்காததைச் செய்ய மறுக்கலாம். வாய்மொழி உத்தரவுக்கு எழுத்து கேட்கலாம். குடிமகனுக்குத் தெரிவிக்காமல் அவன் வீட்டைப் பற்றி அறிக்கை அனுப்ப மாட்டோம் என்று ஒரு மன்றம் தனக்குத் தானே விதி வகுத்துக்கொள்ளலாம். இவற்றில் எதுவும் 256-ஆவது பிரிவை மீறாது.

கேள்வி: எங்கள் குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்து முடிவே கடைசி. கடற்கரை வரைபடத்தில் எங்கள் வலை உலர்த்தும் இடம் விடுபட்டிருக்கிறது. ஊர் முடிவு செல்லுமா?
— மீனவர், சதுரங்கப்பட்டினம்

பதில்: ஊருக்குள் செல்லும், அலுவலகத்தில் செல்லாது. குப்பத்துப் பஞ்சாயத்தார் எடுத்த முடிவை அப்படியே சட்டப்படியான ஊராட்சியின் கிராம சபைக்குக் கொண்டுபோய்த் தீர்மானமாக்க வேண்டும்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-லிருந்து மூன்று வடிவங்கள் கண்டுவிட்டது. இப்போதைய 2019 அறிவிக்கையின்படி தயாரிக்கும் வரைபடத்தில் மீனவ ஊர்கள், அவர்களின் பொது இடங்கள், மீன் உலர்த்தும் களங்கள் இடம்பெற வேண்டும். மீனவக் குடும்பங்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கும் திட்டம் வகுக்க வேண்டும். 2023-ல் தமிழ்நாட்டு வரைவு வரைபடங்கள் வந்தபோது, ஊர்களும் பொது இடங்களும் விடுபட்டுள்ளன என்று மீனவர்கள் கொந்தளித்தது இதனால்தான். கடற்கரையின் பொது இடம் வரைபடத்தில் இல்லையென்றால், நாளை அங்கே விடுதிக்கு வேலி போடும்போது மீனவர் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. வலை உலர்த்தும் இடம், கட்டுமரமும் ஃபைபர் படகும் ஏற்றும் இடம், மீன் ஏலம் போடும் இடம், கோயில் திடல் ஆகியவற்றை ஊர்ப் பெரியவர்களோடு நடந்து, கைபேசியின் ஜிபிஎஸ்ஸில் குறித்து, ஊராட்சித் தீர்மானத்தோடு இணைத்து மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்ப வேண்டும்.

நகர எல்லைக்குள் இருப்பவர்கள், வார்டு அளவில் மக்கள் கூடும் பகுதி சபையைப் பயன்படுத்தலாம். 2022 நவம்பர் 1-ஆம் தேதி இந்த மாவட்டத்தின் பம்மலில்தான் முதலமைச்சர் பகுதி சபைக் கூட்டத்தில் கலந்துகொண்டார். வார்டு கவுன்சிலரிடம் அடுத்த கூட்டத்தின் தேதியைக் கேட்டு, வரைபடத்தையும் ஆட்சேப மனுவையும் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்வது நல்லது.