கோயிலோடு திரும்பிவிடாதீர்கள்

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கோயிலைச் சுற்றி, புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, வந்த வழியே கிளம்பிவிடுகிறார்கள். முதலாம் ராஜேந்திரன் காலம் தொட்டு 1279-இல் சோழர் ஆட்சி முடியும்வரை, ஏறக்குறைய 250 ஆண்டுகள் தலைநகரமாக இருந்த ஊர் இது. கோயில் அதில் ஒரு பகுதிதான். நகரத்தைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் முதலில் போக வேண்டிய இடம், அரண்மனை இருந்த மாளிகைமேடு.

கோயிலிலிருந்து தென்மேற்கே இரண்டு கிலோமீட்டர் போல் வரும், உட்கோட்டைப் பக்கம். ஆட்டோ பிடியுங்கள், அல்லது வெயில் ஏறுமுன் நடந்துவிடுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும்.

போனதும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். தோண்டிய குழிகள், அவற்றில் செங்கல் சுவர்களின் அடிப்பகுதி, அவ்வளவுதான். அவசரப்படாமல் சுவரோரமாக நடந்து அதன் தடிமனைப் பாருங்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களில் இங்கே அகழாய்வு செய்தது, 2021-இல் மறுபடியும் தொடங்கியது. கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. கடவுளுக்குக் கல்லில் விமானம் எழுப்பியவன், தான் குடியிருக்கச் செங்கல்லும் ஓடுமே போதும் என்றிருக்கிறான். கங்கைவரை படை அனுப்பிய, கடல் கடந்து கடாரத்தை வென்ற அரசனின் வீட்டுச் சுவர் இது. எனக்கு இந்த ஊரிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

ஏன் இவ்வளவுதான் மிஞ்சியது என்று கேட்பீர்கள். பாண்டியர் படையெடுப்போடு தொடங்கிய அழிவு அது. பிறகு செங்கல் வேண்டியவர்கள் தோண்டி எடுத்தார்கள். 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கோயில் மதிலையே பெயர்த்துக் கொண்டுபோனார்கள். கும்பகோணத்திலிருந்து வரும்போது அணைக்கரையில் அந்த அணையைக் கடந்துதான் வருவீர்கள்.

ஓர் எச்சரிக்கை. கோயில் வாசலில் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும் 'கைடு'களைத் தவிர்த்துவிடுங்கள். எங்களோடு வந்தவர் வழியெல்லாம் சுரங்கப்பாதைக் கதை சொன்னார். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மாளிகைமேட்டில் சுவரோரம் ஒரு செங்கல்லைக் காலால் நெம்பி எடுத்து, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க சார், ஐந்நூறு குடுங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பேசிய கூலியைக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டேன். ஆயிரம் ஆண்டுகளாகத் தப்பிப் பிழைத்த செங்கல்! யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். ஓட்டுச்சில்லைக்கூடப் பையில் போடாதீர்கள்.

அதன்பின் கோயில். கட்டணம் இல்லை, மதியம் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வடக்கு வாயிற்படி அருகே சண்டேசரின் தலையில் சிவன் மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. பணிந்து அமர்ந்திருக்கும் சண்டேசரின் முகத்தை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்தன்று வந்தால் இதில் எதையும் பார்க்க முடியாது. கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டே போய்விடும்.

நேரமிருந்தால் பொன்னேரிக் கரைக்குப் போங்கள். ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் அதுதான். தோற்ற அரசர்கள் சுமந்துவந்த கங்கை நீரை இதில் ஊற்றி, நீராலான வெற்றித்தூணாக நிறுவினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. தண்ணீரைக் காண மழைக்காலத்துக்குப் பின் வருவது நல்லது. பக்கத்துச் செங்கமேட்டில் கலிங்கத்திலிருந்து கொண்டுவந்த சிற்பங்கள் உள்ளன. இங்கத்திய கருங்கல் அல்ல, சிவந்த மணற்கல். ஒரு பார்வையிலேயே வேற்றூர்க் கை தெரிந்துவிடும். கட்டாயம் பாருங்கள். ஆட்டோவைக் காலையிலேயே போகவரப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு ஜெயங்கொண்டம் போய்விடலாம்.