படத்தில் எங்கே தொட்டால் எங்கே போகும்?

இந்த எபிசோடில் இமேஜ் மேப் பற்றிப் பேசினேன். கோடை காதால் கேட்டுப் புரிஞ்சுக்கிறது கஷ்டம், அதனால் எழுத்தில் ஒருமுறை.

600க்கு 400 பிக்சலில் ஒரு பொங்கல் விழா ஃப்ளையர் இருக்குன்னு வைங்க. டிக்கெட் கட்டத்தைத் தொட்டால் ஒரு பக்கம், பார்க்கிங் வட்டத்தைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்கணும்.

1. இமேஜ் டேகில் யூஸ்மேப் சேர்த்து, ஹேஷ் குறியோடு மேப்பின் பெயரைக் கொடுங்கள்.

2. அடுத்து மேப் டேக். அதன் நேமில் அதே பெயர், ஹேஷ் இல்லாமல்.

3. அதற்குள் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஏரியா டேக். ஷேப் ரெக்ட் என்றால் கோஆர்ட்ஸில் நாலு எண்: 20, 300, 200, 360. முதல் இரண்டு இடது மேல் மூலை, அடுத்த இரண்டு வலது கீழ் மூலை. சர்க்கிள் என்றால் மூணு: 450, 330, 40. மையமும் ஆரமும். கோணல்மாணல் வடிவத்துக்கு பாலி. எல்லா அளவும் படத்தின் இடது மேல் மூலையிலிருந்துதான்.

4. ஹெச்ரெஃபில் முகவரி, ஆல்டில் 'டிக்கெட் வாங்க' மாதிரி ஒரு விளக்கம்.

பலர் விடுவது அந்த ஆல்டைத்தான். நானும் விட்டிருக்கேன். மவுஸ் வேலை செய்யுது, போதும்னு நினைப்பு. ஆனால் பார்வையற்றவரின் ஸ்க்ரீன் ரீடர் அந்த இடத்துக்கு வந்தால், வாசிக்க அங்கே விளக்கம் எதுவும் இருக்காது.

இது சின்ன விஷயம் இல்லை. 2006இல் நேஷனல் ஃபெடரேஷன் ஆஃப் த பிளைண்ட் அமைப்பு கலிஃபோர்னியாவில் டார்கெட் மேல் வழக்கு போட்டது. ஆல்ட் இல்லை, இமேஜ் மேப்களைப் பயன்படுத்த முடியவில்லை, மவுஸ் இல்லாமல் பொருள் வாங்கி முடிக்க முடியவில்லை என்பவை அதில் இருந்த புகார்கள். 2008இல் சமரசம் ஆனது; டார்கெட் ஒதுக்கிய தொகை 60 லட்சம் டாலர்.

இன்னொரு சிக்கல்: போன் திரையில் படம் சுருங்கும், கோஆர்ட்ஸ் சுருங்காது. டிக்கெட்டைத் தொட்டால் ஒண்ணும் நடக்காது, இல்லேன்னா வேற பக்கம் திறக்கும். இதுக்கு எஸ்விஜி நல்லது. வியூபாக்ஸ் கொடுத்து, வடிவங்களை லிங்க்குக்குள் வைத்தால் படத்தோடு சேர்ந்தே அளவு மாறும். அங்கேயும் ஒவ்வொரு லிங்க்குக்கும் பெயர் வேணும்.

வீட்டுப்பாடம்: மவுஸைத் தள்ளி வைங்க. டேப் கீயை மட்டும் அழுத்தி உங்க பக்கத்தில் டிக்கெட் வரை போய்ப் பாருங்க. அப்புறம் ஸ்க்ரீன் ரீடரை ஆன் பண்ணி, கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு தடவை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!