நாக்கை ஏமாற்றும் கண்

மாணவர்களே, சீனி போடாத கடுமையான தே ஓ ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். வாய் வறண்டு, நாக்கு சொரசொரப்பாவதை உணர்வீர்கள். பிரான்சின் விலையுயர்ந்த சிவப்பு ஒயினிலும் இதே துவர்ப்பு உண்டு.

பிரான்சில் போர்டோ நகருக்கு வடக்கே ஷத்தோ மார்கோ என்ற பழைமையான திராட்சைத் தோட்டம் இருக்கிறது. 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காக ஒயின்களைத் தரம் பிரித்தபோது, சிவப்பு ஒயினில் முதல் தரம் பெற்ற நான்கு தோட்டங்களுள் இதுவும் ஒன்று. இத்தகைய ஒயினைச் சோதிக்கும் வல்லுநர்கள் முதலில் பார்ப்பார்கள், பிறகு முகர்வார்கள், வாயில் வைத்துச் சுவைப்பார்கள், கடைசியில் துப்பிவிடுவார்கள்! அவர்களிடமிருந்து நாம் கற்கப்போவது குடிப்பதை அன்று; உற்றறிதலை.

கண்

திராட்சையின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. தோலில் உள்ள அந்தோசயனின் என்னும் நிறமியே ஒயினுக்குச் சிவப்பைத் தருகிறது. நாசி கெராபுவை நீலமாக்கும் சங்குப்பூவிலும் இந்த வகை நிறமிதான் உள்ளது. ஒயின் முதிர முதிர ஊதா கலந்த சிவப்பு, செங்கல் நிறமாக மாறும். ஆகவே நிறம் வயதையும் சொல்லும்.

மூக்கு

வல்லுநர்கள் கிண்ணத்தைச் சுழற்றுவது ஏன்? சுழற்றும்போது காற்றுடன் தொடும் பரப்பளவு கூடுகிறது. மணமூட்டும் பொருள்கள் விரைவாக ஆவியாகின்றன. ஓக் மரப் பீப்பாயில் முதிர்ந்த ஒயினில் வனிலா மணம் வீசுவதற்கு, மரத்திலிருந்து கரையும் வனிலின் காரணம்.

நாக்கு

திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் உள்ளது. அது உமிழ்நீரில் உள்ள புரதங்களுடன் பிணைகிறது. வழவழப்பு குறைந்து, வாய்க்குள் உராய்வு கூடுகிறது. நம் அறுசுவையில் துவர்ப்பும் ஒன்று. அறிவியலோ அதைப் பெரும்பாலும் தொடு உணர்வாகவே கருதுகிறது. தேநீரில் பால் ஊற்றினால் டானின் பாற்புரதத்துடன் பிணைவதால் துவர்ப்பு குறைகிறது.

ஏமாந்தவர்கள் யார்?

2001-இல் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயின் துறை பயின்ற 54 மாணவர்கள், ஒரு வெள்ளை ஒயினையும் ஒரு சிவப்பு ஒயினையும் முகர்ந்து மணத்தை விவரித்தனர். அடுத்த அமர்வில் அதே வெள்ளை ஒயின் இரு கிண்ணங்களில் வைக்கப்பட்டது. ஒன்றில் மட்டும் மணமற்ற சிவப்பு நிறமி கலக்கப்பட்டிருந்தது. நிறம் கலந்த கிண்ணத்துக்கு, மாணவர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களையே எழுதினார்கள்!

அவர்கள் பொய் சொல்லவில்லை. கண் முந்திக்கொண்டு ஒரு முடிவைச் சொல்ல, மூளை அதன்படியே மணத்தை உணர்ந்தது.

இது நமக்கும் நேரும். ஆய்வுக்கூடத்தில் வெப்பமானியைப் பார்க்கும் முன்பே “விடை இதுவாகத்தான் இருக்கும்” என்று எண்ணிக்கொண்டால், அந்த எண்ணே கண்ணில் படும். அதனால்தான் அறிவியலாளர்கள், மாதிரி எது என்பதைச் சோதிப்பவருக்கு மறைத்துச் சோதிக்கிறார்கள். அடுத்த முறை அறிக்கை எழுதும்போது, பாடநூலில் உள்ளதை அல்ல, நீங்கள் கண்டதையே எழுதுங்கள். எதிர்பார்த்த விடை வராவிட்டாலும் அது தோல்வி அன்று, கேள்வியின் தொடக்கம்.

செய்து பாருங்கள்

1. எலுமிச்சைப் பானத்தை இரு குவளைகளில் சம அளவு ஊற்றுங்கள்.
2. ஒன்றில் மட்டும் சுவையற்ற சிவப்பு உணவுச் சாயம் இரு துளி சேர்த்துக் கலக்குங்கள்.
3. நண்பரிடம் எதுவும் சொல்லாமல் இரண்டையும் சுவைக்கச் சொல்லி, அவர் கூறுவதை எழுதுங்கள்.
4. அவருடைய கண்ணைக் கட்டி மீண்டும் சோதியுங்கள்.

சிந்தியுங்கள்

அ) இச்சோதனையில் தற்சார்பு மாறி எது? சார்பு மாறி எது?
ஆ) இரு பானங்களும் ஒரே குளிர்ச்சியில் இருக்க வேண்டும். ஏன்?
இ) சளி பிடித்தால் சாப்பாடு சப்பென்று இருப்பதேன்?