நான்காம் படிவத்தின் வாசலில்

பெற்றோர்களே,

பிள்ளை என்ன வேலைக்குப் போவது என்பது எஸ்.பி.எம். முடிவு வந்தபின் எழும் கேள்வி என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மையில், அதன் பெரும்பகுதி மூன்றாம் படிவ இறுதியிலேயே முடிவாகிவிடுகிறது. நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று மாணவரைப் பிரிக்கும் முறை 2020-இல் நீக்கப்பட்டது. இன்று பள்ளி வழங்கும் விருப்பப் பாடங்களிலிருந்து மாணவர் தேர்ந்தெடுக்கிறார்.

நான் ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், தோட்டத்துப் பிள்ளையொருவன் கூடுதல் கணிதத்தைக் கைவிட விரும்பினான். "கடினமாக இருந்தால் விட்டுவிடு" என்று நானே கூறினேன். பின்னர் அவன் பொறியியல் பயில விண்ணப்பித்தபோது, அந்த ஒரு பாடம் இல்லாமையே தடையாக நின்றது. பால்மரம் வெட்டும் அவனுடைய தந்தை என்னைக் குறை கூறவில்லை. "வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றார். அச்சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆகையால், பிள்ளையின் விருப்பத்தை முதலில் கேளுங்கள். பின்பு அவ்விருப்பத்திற்கு எந்தப் பாடங்கள் தேவை என்று விசாரியுங்கள். மருத்துவத்திற்கு உயிரியலும் இரசாயனமும், பொறியியலுக்குப் பௌதிகமும் கூடுதல் கணிதமும் அடிப்படை. எத்துறையை நாடினாலும், மலாய் மொழியிலும், 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது.

டாக்டர், வக்கீல் என்ற இரண்டே பெயர்களைச் சொல்லிப் பிள்ளைகளை வளர்ப்பது நம்மிடையே உள்ள பழக்கம். புல்வெட்டும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பையனை எவரும் கெட்டிக்காரன் என்பதில்லை! அவனுக்கும் முறையான வழி உண்டு. மூன்றாம் படிவம் முடித்தோர் சேர்வதற்கு அரசாங்கத் தொழிற்கல்லூரிகள் இருக்கின்றன. மலேசியத் திறன் தகுதிமுறையில் ஐந்து நிலைகள் உள்ளன. முதல் மூன்று நிலைகளுக்குச் சான்றிதழும், நான்காவதற்கு டிப்ளோமாவும், ஐந்தாவதற்கு உயர்நிலை டிப்ளோமாவும் வழங்கப்படுகின்றன. வயரிங் வேலையை எடுத்துக்கொள்வோம். தீபகற்பத்தில் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்றவரே அவ்வேலைக்குப் பொறுப்பேற்க முடியும். அஃதில்லாதவர், கை எவ்வளவு தேர்ந்திருப்பினும், பிறருக்கு உதவியாளராகவே இருக்க நேரும்.

மூன்றாம் படிவ ஆண்டு முடியுமுன் ஒரு நாள் பள்ளியின் ஆலோசக ஆசிரியரைச் சென்று காணுங்கள். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டால் பள்ளி முடிந்திருக்கக்கூடும். ஆதலின் முன்கூட்டியே விடுப்புக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அப்பள்ளியில் என்னென்ன விருப்பப் பாடங்கள் உள்ளன, வேண்டிய பாடம் இல்லையெனில் வேறு பள்ளிக்கு மாற இயலுமா, தொழிற்கல்லூரிக்கு எப்பொழுது விண்ணப்பிப்பது என்பவற்றைக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.