பற்றரிமேல் விழும் பழி

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பாமன்கடை, வெள்ளவத்தைப் பக்கமிருந்து யாழ்ப்பாணம் போகும் வான்கள் பெரும்பாலும் இரவில்தான் புறப்படும். வெயில் இல்லை, நெரிசலும் குறைவு. ஆனால் வாகனத்தின் மின்சாரத்துக்கு அதுவே கடுமையான நேரம்: ஹெட்லைட், ஏசி, மழை வந்தால் வைப்பர், போதாததற்கு ஆளுக்கொரு போன் சார்ஜர். புத்தளம் தாண்டியதும் டாஷ்போர்டில் பற்றரிப் படம் போட்ட சிவப்பு லைட் எரிந்தால், வானுக்குள் இருக்கும் அத்தனை பேரும் ஒரே தீர்ப்புத்தான் சொல்வார்கள்: "பற்றரி போட்டுது."

குழப்பத்துக்குக் காரணம் அந்தப் படம்தான். லைட் சொல்வது, பற்றரிக்குச் சார்ஜ் வந்து சேரவில்லை என்பதை. என்ஜின் ஓடும்போது பெல்ட்டில் சுழன்று மின்சாரம் தருவது ஆல்டனேட்டர். அது படுத்துவிட்டால் வாகனம் பற்றரியின் கையிருப்பைத் தின்றுகொண்டே ஓடும். அப்போது அநுராதபுரத்தில் புதுப் பற்றரி வாங்கிப் போட்டால் வான் உடனே ஸ்டார்ட் ஆகும், எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் 45 ஆம்பியர்-மணி பற்றரியிலிருந்து 30 ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி ஒன்றரை மணித்தியாலம். உண்மையில் அதற்கு முன்பே வோல்டேஜ் விழும். வவுனியாவுக்கு அப்பால், ஏ-9 வீதியின் இருட்டில், புதுப் பற்றரியும் செத்துக் கிடக்கும்.

பிழை எதில் என்று அறியச் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். என்ஜினை நிறுத்திச் சற்று நேரம் விட்டு அளந்தால், நல்ல பற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். என்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். 12-இலேயே நின்று மெல்ல இறங்கினால் சார்ஜ் இல்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பிழை, பற்றரி கொதித்துவிடும். (சார்ஜிங்கைக் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும் புதிய கார்களில் வாசிப்பு இடையிடையே தாழ்வது பழுதல்ல.) லைட் எரியாவிட்டால் எல்லாம் சரி என்பதும் நிச்சயமில்லை: ஆல்டனேட்டருக்குள் ஒரு டயோட் மட்டும் போனால் குறைந்த சார்ஜோடு பல நாள் ஓடலாம்.

"ஓடுற என்ஜினில பற்றரி வயரைக் கழட்டிப் பார், நின்றால் ஆல்டனேட்டர் பிழை." இன்றும் கராஜ்களில் கேட்கும் இந்தப் பரீட்சை, ஆல்டனேட்டருக்கு முந்திய டைனமோ காலத்து எச்சம். அந்தக் கால மொரிஸ் மைனர் காரில் கெட்டுப்போகக் கம்ப்யூட்டர் கிடையாது. 1960-இல் கிறைஸ்லர் தன் வேலியன்ட் காரில் ஆல்டனேட்டரைப் பொருத்தியதிலிருந்து டைனமோ மெல்ல ஒதுங்கியது. இன்றைய காரில் பற்றரியைத் திடீரெனப் பிரித்தால் வோல்டேஜ் பாய்ந்து ஏறி, டயோட்களையும் என்ஜின் கம்ப்யூட்டரையும் எரித்துவிடலாம்.

அடுத்தது டொயோட்டா டொல்ஃபின் வான்காரரின் நம்பிக்கை: "பழைய டீசலுக்குக் கரண்ட் தேவையில்லை, அப்படியே ஓட்டலாம்." இதில் பாதி உண்மை. மெக்கானிக்கல் பம்ப் உள்ள டீசல் என்ஜினுக்கு எரிபொருள் வால்வைத் திறந்துவைக்கச் சொற்ப மின்சாரம் போதும். பகலில், ஏசி இல்லாமல், நெடுந்தூரம் போகலாம். ஆனால் பெல்ட்டே அறுந்திருந்தால் கதை வேறு. டொயோட்டாவின் அந்தக் கால டீசல் என்ஜின்கள் பலவற்றில் பிரேக்குக்கான வக்கூம் பம்ப் ஆல்டனேட்டரின் முதுகிலேயே பொருந்தியிருக்கும். அது சுழலாவிட்டால் ஓரிரு மிதியோடு பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும். தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில் ஓடினால் என்ஜின் சூடேறும். ஆகவே லைட் எரிந்ததும் ஓரமாக நிறுத்தி, முதலில் பெல்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஏசியை நிறுத்தி, தேவையற்றதையெல்லாம் அணைத்து, என்ஜினை நிறுத்தாமல் அடுத்த பட்டணம் வரை போய்ப் பார்க்கலாம்.

பிரியஸ், அக்வா வைத்திருப்போருக்கு இந்தக் கவலை வேறு வடிவம்: அவற்றில் ஆல்டனேட்டரே இல்லை. பெரிய ஹைபிரிட் பற்றரியின் மின்சாரத்தைக் கன்வேர்ட்டர் ஒன்று குறைத்துச் சின்னப் பற்றரிக்குக் கொடுக்கிறது. அந்தக் கன்வேர்ட்டரை வீதியோரத்தில் கழற்றுவது வேண்டாம்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இருந்ததையே ஓட்டிய அந்த ஆண்டுகளில் ஆல்டனேட்டர்களுக்கும் வயதேறியது. அதற்காக முழுதாக மாற்றத்தான் வேண்டும் என்பதில்லை. பல வேளை தேய்ந்திருப்பது காபன் பிரஷ், அல்லது பெயரிங். சிலவேளை பெல்ட் தளர்வு மட்டுமே. கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் அரிப்புப் பிடித்த பற்றரித் தலையும் துருப்பிடித்த எர்த் வயரும் ஆல்டனேட்டர் பழுது போலவே நடிக்கும். சுத்தம் செய்து இறுக்கினாலே சில கோளாறுகள் தீரும்.

மாற்றியே ஆகவேண்டுமென்றால், கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ஆல்டனேட்டர் தேடும்போது விலைக்கு முன் கேட்க வேண்டியவை மூன்று: ஆம்பியர் அளவு, பெல்ட் ஓடும் புல்லியின் அமைப்பு, டீசல் வானாயின் வக்கூம் பம்ப். கழற்றுமுன் பற்றரியின் நெகட்டிவ் வயரைப் பிரிக்க வேண்டும். பூட்டியபின், செத்த பற்றரியோடு நேரே நெடும்பயணம் கிளம்பக்கூடாது. அதை முழுக்க நிரப்பும் சுமை புதிய ஆல்டனேட்டரைச் சூடாக்கும். முதலில் பற்றரியைத் தனியே சார்ஜரில் போட்டு எடுத்துக்கொள்வது நல்லது.